இணக்கசபை அல்ல
திருநெல்வேலிச் சந்தையடியில் ஒரு அம்மா மறித்தார். ரொறன்ரோவில் சாப்பாடு விநியோகிக்கும் மகனுக்குக் கம்பனியோடு பிணக்கு. ஒப்பந்தப்படி நீதிமன்றம் போக முடியாதாம், நடுத்தீர்ப்பு மட்டுந்தானாம்.

"எங்கட இணக்கசபை மாதிரியே, பிள்ளை?"

இல்லை. இணக்கசபை தீர்ப்புச் சொல்லாது. இணங்காவிட்டால் வழக்குக்குப் போகலாம். நடுத்தீர்ப்பாளர் சொன்னால் அநேகமாக அதுவே முடிவு. செலவும் சும்மா அல்ல. ஊபர் ஒப்பந்தப்படி ஹெலர் என்ற ரொறன்ரோச் சாரதி நெதர்லாந்து நடுத்தீர்ப்புக்கு 14,500 அமெரிக்க டொலர் கட்டவேண்டியிருந்தது. அவருடைய ஒரு வருட உழைப்பில் பெரும்பகுதி! 2020இல் கனடா உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனை செல்லாது என்றது. நியாயமற்றது என்பதே காரணம். விநியோகிப்போர் எல்லோருக்கும் விதிவிலக்குக் கொடுக்கவில்லை. ஆகவே மகனின் ஒப்பந்தத்தையும் வாசித்துத்தான் பார்க்கவேண்டும்.

"கடதாசியைச் சட்ட உதவி நிலையத்துக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கோ அம்மா."

"கடதாசி எங்க? போனில தட்டினவன்."

"அப்ப போனிலயே இருக்கும். தேடி எடுக்கச் சொல்லுங்கோ."