திறவுகோல் நம் கையில். குறிப்பேடு எவர் மொழியில்?

நள்ளிரவில் சென்னையிலோ கோவையிலோ ஓர் அறையில் அமர்ந்து, கடலுக்கப்பால் உள்ள வழங்கிக் கணினிகளைக் காத்து நிற்கும் தமிழிளைஞர் இன்று பலர். அவர்முன் ஒரு கரிய திரை. அதில் ஓர் ஒளிக்குறி. அவர் தட்டும் ஒரு வரிக் கட்டளைக்குப் பல்லாயிரங் கல் தொலைவிலுள்ள யூனிக்சு வழங்கி பணிகின்றது. இத்துணைத் திறம் படைத்தவர், தாம் செய்த பணியைக் குறிப்பேட்டில் எழுதுங்கால் மட்டும் தாய்மொழியை வாயிலுக்கு வெளியே நிறுத்திவிடுகின்றார். கேட்டால், 'இது கணினித்துறை. இங்குத் தமிழ் எடுபடாது' என்கின்றார். இக்கூற்று பிழை என்பதை அவர் நாள்தோறும் கையாளும் கருவியைக் கொண்டே காட்டுவோம்.

யூனிக்சு, 1969ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், தென்னிசு இரிட்சி ஆகியோரால் தொடங்கப்பெற்றது. அக்காலத் தட்டச்சு முனையங்கள் ஆமைபோல் இயங்கியமையால், கட்டளைகளை ஈரெழுத்து, மூவெழுத்தாகச் சுருக்கினர். 'எல்.எசு.', 'சி.பி.', 'கிரெப்' என்பவை ஆங்கிலக் குழந்தை தாய்மடியில் கற்ற சொற்களா? அல்ல! 'கிரெப்' என்பது பழைய தொகுப்பி ஒன்றின் கட்டளை எழுத்துகள் ஒட்டிப் பிறந்த குறி. அவற்றை ஆங்கிலேயனும் புதிதாகவே கற்கின்றான். நாமும் புதிதாகவே கற்கின்றோம். எனவே குறிகள் அப்படியே இருக்கட்டும். அவற்றை ஏன், எப்பொழுது, எவ்வாறு பயன்படுத்துவது என்னும் விளக்கம் எம்மொழியில் இருக்கவேண்டும் என்பதே நம் வினா.

இனி, அவர் மேசைமேல் இருக்கும் பணிக்கணினியைப் பார்ப்போம். 1983இல் இரிச்சர்டு இசுட்டால்மன் கட்டற்ற மென்பொருள் முயற்சியை அறிவித்தார். 1991இல் பின்லாந்தின் எல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் இலினசு தோர்வால்சு இலினக்சின் கருவை வெளியிட்டார். இவ்விரண்டும் கூடியதால், யூனிக்சின் வழிவந்த ஓர் இயங்குதளம் எளியவன் மேசைக்கும் வந்தது. தொலைவிலுள்ள வழங்கியில் என்னென்ன கட்டளைகளோ, பெரும்பாலும் அவையே மேசையிலும் உள. ஒரு கட்டளைத்தொகுப்பை முதலில் தன் மேசையில் ஆய்ந்து பார்த்துப் பின்னர் வழங்கியில் இயக்கலாம். சிறுசிறு வேறுபாடுகள் உண்டு. ஆயினும் இரண்டும் ஒரே குடிப்பிறப்பு.

தொலைவிலிருந்து ஆள்வதற்குரிய பழைய வழியான தெல்நெட்டு, கடவுச்சொல்லைத் திறந்த மடலாகவே கம்பி வழியே அனுப்பியது. 1995இல் எல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையில் கடவுச்சொற்கள் களவாடப்பட்டபின், அங்கிருந்த தாத்து இலோனன் என்பார் எசு.எசு.எச். எனும் மறையாக்க வழியை வகுத்தார். 1999இல் அதன் கட்டற்ற வடிவம் வெளிவந்தது. இம்முறையில் பொதுத்திறவு வழங்கியில் இருக்கும். தனித்திறவு ஆள்பவன் மேசையைவிட்டு அகலாது. திறவுகோல் நம் கையில்! ஆனால், அதனைக் கையாளும் அறிவு?

பட்டறிவு ஒன்றைச் சொல்லுவேன். நான் பணியாற்றிய ஓரிடத்தில், நுழைவமைப்பை மாற்றுமுன் இன்னோர் இணைப்பைத் திறந்து வைக்கவேண்டும் என்பதை ஆங்கிலத்தில் நீண்டதொரு தொடராக எழுதியிருந்தனர். புதிதாக வந்த இளைஞர் அதனைப் படித்தார். ஆனால் அதன் பொருளை உட்கொள்ளவில்லை. மாற்றத்தில் ஓர் எழுத்துப் பிழை. இருந்த ஒரே இணைப்பும் அறுந்தது. வழங்கி அவரை வெளியே நிறுத்திப் பூட்டிக்கொண்டது. அங்குள்ள ஒருவர் எழுந்துபோய்ப் பொறியின்முன் அமரும்வரை விடியவிடியக் காத்திருந்தோம். மறுநாள் தமிழில் எழுதினோம்: 'மாற்றுமுன் இரண்டாம் இணைப்பைத் திறந்து வை. புதிய இணைப்பு நுழைவதைக் கண்ணால் கண்டபின்னரே பழையதை மூடு.' அதன்பின் அப்பிழை நிகழவில்லை. அவ்விளைஞருக்குக் குறைந்தது அறிவன்று, மொழியே!

காவல் என்பது புரிதலே. 2024 மார்ச்சு இறுதியில் வெளிப்பட்ட சூழ்ச்சி இதற்குச் சான்று. ஒரு புனைபெயருக்குள் ஒளிந்து ஈராண்டுக்குமேல் நற்பணி செய்து நம்பிக்கை பெற்ற கை, எக்சு.இசட். எனும் சுருக்கு மென்பொருளில் எசு.எசு.எச். வாயிலைத் திறக்கும் கள்ளவழியைப் புகுத்தியிருந்தது. அதனைக் கண்டுபிடித்தவர் ஆந்திரசு பிராயிண்டு. உள்நுழைவதற்கு வழக்கத்தினும் அரைநொடி கூடுதலாவது ஏன் என்று அவர் வினவினார். மூலநிரல் திறந்திருந்தமையால் துருவித் துருவிப் பார்த்தார். கேடு பரவுமுன் தடுத்தார். திறந்த நிரலும் தானே காவாது; வினவும் உள்ளமே காக்கும். அவ்வினா பிறக்கும் இடம் தாய்மொழியன்றோ?

'அயல்நாட்டார் படிக்க வேண்டுமே' என்பர் சிலர். அவர்க்கு வேண்டியதை அவர் மொழியில் எழுதிக் கொடுங்கள். நமக்கு வேண்டியதை நம் மொழியில் எழுதுங்கள். 'கணினி தமிழை ஏற்குமா?' என்பர் வேறு சிலர். ஒருங்குறியில் தமிழ் 1991 முதலே உண்டு. அதனை யூனிக்சுக் குடும்பம் இடரின்றி ஏற்பதற்குரிய யூ.டி.எப்.-8 குறிமுறையை 1992இல் இராபு பைக்குடன் சேர்ந்து வகுத்தவர், யூனிக்சைத் தொடங்கிய அதே கென் தாம்சன்! முனையத் திரைகள் பலவற்றில் நம் உயிர்மெய்கள் சிதைந்து தோன்றுவது மெய்தான். ஆனால், நிரல் பூட்டிக் கிடக்கவில்லை. திருத்த நமக்கு எவர் இசைவும் வேண்டா. திருத்தாமல் இருப்பது நம் மடிமையே.

தமிழிளைஞர்களே! இன்றிரவு பணிக்கு அமரும்போது, செய்வதை ஒரு பக்கம் தமிழில் எழுதுங்கள். அடுத்து வருபவர் அதனைப் படித்துத் தெளியட்டும். அவர் ஒரு பக்கம் சேர்க்கட்டும். பிறர் வீட்டை இரவெல்லாம் காக்கும் நாம், நம் மொழியைத் தெருவில் நிறுத்துவதா? உள்ளே அழையுங்கள்!