டிரெக்டர் விளக்கும் அந்திக் கொழுந்தும்

கொழுந்து கூடின மாதங்களில் எங்கள் மேல் கணக்கில் அந்திக் கொழுந்து நிறுத்து, சாக்குகளை டிரெயிலரில் ஏற்றி முடிய ஆறரை ஆகிவிடுகிறது. சூரியன் மலைக்கு அந்தப் பக்கம் விழுந்ததும் எங்கள் பக்கம் இருட்டிவிடும். மூடுபனியும் இறங்கினால் பத்தடிக்கு அப்பால் நிற்பது ஆளா தேயிலைச் செடியா என்று தெரியாது. அந்த நேரத்தில்தான் ஸ்டோருக்குக் கொழுந்து டிரெக்டர் இறங்குகிறது. முன்னால் இரண்டு விளக்கு இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுதான் எரிகிறது. அதுவும் டியூப் வாரால் கட்டப்பட்டு, பாதையை விட்டுவிட்டு மரக்கிளையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. டிரெயிலருக்குப் பின்னால் விளக்கே கிடையாது. கீழ்க் கணக்குக்குப் போகவேண்டிய பெண்கள் கொழுந்துச் சாக்கின் மேல் உட்கார்ந்து, கையிலுள்ள போன் வெளிச்சத்தைப் பாதை ஓரத்துக்குப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். அந்த வெளிச்சத்தில்தான் டிரைவர் அண்ணன் முடக்குத் திருப்புகிறார்.

சம்பளம், காணி, வீடு என்று எழுதவேண்டிய பக்கத்தில் டிரெக்டர் லைட்டைப் பற்றி எழுதுகிறார்களே என்று சிலர் சிரிக்கலாம். எங்கள் தோட்டக் கமிட்டியிலும் முதலில் சிரித்தார்கள். பிறகு ஒரு மழை நாள் அந்தியில், பெரிய முடக்கில் டிரெக்டர் வேகம் குறைக்க, பின்னால் வந்த ஓட்டோ டிரெயிலரில் மோதியது. ஓட்டோக்காரத் தம்பியைக் குறை சொல்ல முடியாது. சேறு பூசின, விளக்கில்லாத ஒரு பலகைப் பெட்டி இருட்டில் நின்றால் யாருக்குத்தான் தெரியும்? பின்பலகையில் கால் தொங்கப்போட்டிருந்த அக்காவின் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. மூன்று மாதத்துக்கு மேல் அவர் மலைக்குப் போகவில்லை. நிர்வாகம் கேட்ட முதல் கேள்வி: “டிரெயிலரில் ஏறச் சொன்னது யார்?”

யாரும் சொல்லவில்லைதான். ஏற வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை. மேல் கணக்கிலிருந்து கீழ்க் கணக்குக்கு மூன்று மைல். இருட்டில், அட்டைக் கடியில், முதுகு நோவோடு அதை நடப்பதா, சாக்கின் மேல் உட்காருவதா என்றால் யாரும் சாக்கைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். காலையில் அதே பெண்களை அதே டிரெயிலரில் ஏற்றி மேல் கணக்குக்குக் கொண்டுபோய் விடுவதும் நிர்வாகம்தான். காலையில் ஏற்றும்போது போக்குவரத்து, அந்தியில் அடிபட்டால் தன்னிச்சையாக ஏறியது என்ற கணக்கை நாங்கள் ஏற்கவில்லை. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் தோட்டத் தொழிலாளிக்கும் உண்டு என்பதை எழுத்தில் ஞாபகப்படுத்திய பிறகே அவர்கள் வழிக்கு வந்தார்கள். அந்தக் கதையை இன்னொரு இதழில் விபரமாக எழுதுவோம்.

விளக்கு கேட்டுப் பெரிய துரையைச் சந்தித்தபோது கிடைத்த பதில் இது: “பழைய டிரெக்டர். நாலு லைட் போட்டால் பற்றரி இறங்கிவிடும். காலையில் தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும்.”

முழுப் பொய்யென்று தள்ளிவிட முடியாத பதில். அதனால்தான் அதை எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனோம். பதினோராம் தரத்துப் பிள்ளைகளுக்கு மின்வலு பாடம் நடந்துகொண்டிருந்தது. புத்தகத்தில் உள்ள கணக்கை விட்டுவிட்டு, இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டோம். டிரெக்டர் பற்றரி 12 வோல்ட். பழைய மாதிரி ஹெலஜன் பல்ப் ஒன்று 55 வாட்ஸ். 55ஐ 12ஆல் வகுத்தால் ஏறக்குறைய 4.6 அம்பியர். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று நான்கு பல்ப் எரிந்தால் 18 அம்பியருக்கு மேல் போகிறது. எங்கள் மெஸி பேர்கஸன் 135இல் இருப்பது 22 அம்பியர் டைனமோ. அந்த 22உம் இன்ஜின் நன்றாகச் சுற்றும்போதுதான் வரும். ஐட்லிங்கில் நிற்கும்போதும், மெதுவாகப் பின்னுக்கு எடுக்கும்போதும் டைனமோ அநேகமாக ஒன்றும் தராது. அப்போது விளக்கு பற்றரியைத்தான் குடிக்கும். ஆக, துரை சொன்னது ஹெலஜனுக்குச் சரி.

அடுத்த வரியை ஒரு மாணவியே வந்து எழுதினாள். எல்.ஈ.டி. விளக்கு ஒன்று 27 வாட்ஸ். 12ஆல் வகுத்தால் 2.25 அம்பியர். நான்கும் சேர்த்து 9. பாதிக்கும் குறைவு. வெளிச்சமோ பழையதை விடக் குறையாது, நல்ல விளக்கென்றால் கூடவே இருக்கும். ஹெலஜன் தன் மின்சாரத்தில் பெரும் பங்கைச் சூடாக்கி வீணடிப்பதுதான் காரணம். இன்னொன்றும் உண்டு. ஹெலஜன் பல்ப்புக்குள் இருப்பது மெல்லிய கம்பி. எங்கள் கல் பாதையில் டிரெக்டர் குதிக்கிற குதிக்கு அந்தக் கம்பி எத்தனை மாதம் தாங்கும்? எல்.ஈ.டி.யில் அறுந்துபோகக் கம்பி இல்லை. அந்தப் பிள்ளையின் அம்மா கொழுந்துச் சாக்கின் மேல் உட்கார்ந்து வருகிறவர்களில் ஒருவர் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

கணக்கு எங்கள் பக்கம் நின்றாலும், ஏதோ ஒரு விளக்கை வாங்கி மாட்டினால் போதும் என்று நினைக்க வேண்டாம். பக்கத்துத் தோட்டமொன்றில் அப்படித்தான் நடந்தது. பழைய ஹெட்லைட் கூட்டுக்குள் மலிவான எல்.ஈ.டி. பல்ப்பைச் சொருகினார்கள். அந்தக் கூடு கம்பி பல்ப்புக்காகச் செய்யப்பட்டது. அதற்குள் வேறு மாதிரி பல்ப் போட்டால் வெளிச்சம் பாதையில் விழாமல் நாலா பக்கமும் சிதறும். எதிரே வந்த பஸ் டிரைவருக்குக் கண் கூசிப்போனது. ஒரு பக்கம் மலை, மறு பக்கம் பள்ளம் உள்ள றோட்டில் பஸ் டிரைவரின் கண்ணைக் கூசச் செய்வது என்ன விளையாட்டு? மாற்றுவதென்றால் விளக்கை முழுதாக மாற்றவேண்டும்.

மூடுபனிக்கும் ஒரு கணக்கு உண்டு. விளக்கை மேலே, மட்கார்டுக்கும் உயரத்தில் பொருத்தினால் பனியில் பட்டு வெளிச்சம் திரும்பி டிரைவரின் கண்ணுக்கே வரும். வெள்ளைச் சேலை ஒன்றை முன்னால் விரித்த மாதிரி இருக்கும். பாதைக்கான விளக்கு தாழ்வாக, நிலத்தைப் பார்த்துச் சரிந்து இருக்கவேண்டும். உயரத்து விளக்கு தேவைதான், ஆனால் அது சாக்கு ஏற்றும்போது எரிய வேண்டியது. இரண்டுக்கும் தனித்தனிச் சுவிட்ச் வேண்டும். தண்ணீர் புகாத விளக்கா என்றும் பார்த்து வாங்கவேண்டும். பெட்டியில் ஐ.பி. 67 என்று போட்டிருந்தால் தூசிக்கும் மழைக்கும் தாங்கும் என்று பொருள். எழுத்தை மட்டும் நம்பாமல் ரப்பர் வாரையும் கையால் தொட்டுப் பாருங்கள்.

டிரைவர் அண்ணன்மாருக்குச் சில வார்த்தை. மிகப் பழைய டிரெக்டர் சிலதில் பற்றரியின் நேர் முனைதான் பொடிக்கு எர்த் கொடுக்கப்பட்டிருக்கும். அதைப் பார்க்காமல் எல்.ஈ.டி.யை மாட்டினால் எரியாது, சிலவேளை கெட்டும் போகும். சிக்னல் விளக்கை எல்.ஈ.டி.க்கு மாற்றினால் பழைய பிளாஷர் சரியாக வேலை செய்யாது. படபடவென்று அடிக்கும், அல்லது எரிந்தபடியே நிற்கும். அதற்கென்று உள்ள இலத்திரனியல் பிளாஷரும் சேர்த்து மாற்றவேண்டும். இருபது வருடத்து வயரிலேயே முடிச்சுப் போடாமல் புது வயர், இடையில் பியூஸ், துருவைச் சுரண்டிய இடத்தில் எர்த். மலிவான எல்.ஈ.டி. எரியும்போது வானொலி இரைகிறது என்று எங்கள் டிரைவர் அண்ணனுக்குப் பெரிய கவலை. பாட்டுப் போகிறதே என்கிறார்! அதற்கும் நல்ல விளக்கு வாங்குவதுதான் வழி.

எல்லாரும் முன்விளக்கையே பேசுகிறார்கள். அக்காவின் காலை முறித்தது முன்விளக்கு இல்லாத குறை அல்ல, பின்விளக்கு இல்லாத குறை. டிரெயிலருக்குச் சிவப்பு விளக்கு இரண்டு, டிரெக்டரிலிருந்து மின்சாரம் எடுக்க ஏழு முனைப் பிளக் ஒன்று, இரு பக்கமும் சிவப்பு ரிப்ளெக்டர். ரிப்ளெக்டருக்கு மின்சாரமே வேண்டாம். டிரெக்டர் பழுதாகி இருட்டில் நின்றாலும் பின்னால் வருகிறவனுக்கு மின்னிக் காட்டும். எங்கள் கோரிக்கையில் இதுதான் முதலாவது. நிர்வாகம் எல்லாவற்றையும் மறுத்தாலும் இதை மட்டும் நாங்கள் விடப்போவதில்லை.

தோட்டத்துப் பாதை தனியார் பாதை, அங்கே பொலிஸ் சட்டம் இல்லை என்று ஒரு வாதமும் வந்தது. ஸ்டோருக்குப் போக எங்கள் டிரெக்டர் பஸ் ஓடும் றோட்டில் அரை மைல் போகிறது. அங்கே 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் இருக்கிறது. இன்னொரு பக்கம், 2025 தொடக்கத்தில் வாகனங்களில் அளவுக்கு மீறிப் பொருத்திய விளக்குகளைப் பொலிஸார் கழற்றச் சொன்னது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ஆகவே கண்ட கண்ட நிறத்தில் வரிசையாக விளக்குப் போட்டு றோட்டில் இறக்கினால் தண்டப் பணம் டிரைவரின் தலையில்தான் விழும். இருக்கவேண்டிய இடத்தில், இருக்கவேண்டிய நிறத்தில், இருக்கவேண்டிய எண்ணிக்கையில் போதும். வேலை விளக்கை றோட்டில் அணைத்துவிட வேண்டும்.

காசு யாருடையது? நகரத்துக் கடையில் நாங்கள் விசாரித்தபோது, நல்ல விளக்குச் சோடி ஒன்று ஒரு தொழிலாளியின் நாலைந்து நாள் சம்பளத்துக்குள் அடங்கியது. பங்களா முற்றத்திலும் ஸ்டோர் வாசலிலும் எல்.ஈ.டி. விளக்கு எப்போதோ வந்துவிட்டது. கம்பெனிக்கு அதன் இலாபம் தெரியாமலில்லை. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது “புது டிரெக்டர் வரட்டும்” என்றார்கள். 2025இல் இறக்குமதி திறந்த பிறகும் அதையேதான் சொல்கிறார்கள். புது டிரெக்டர் வரும்போது வரட்டும். இன்று அந்திக்கு இறங்கப்போவது பழையதுதானே?

இதற்கிடையில் டிரைவர் அண்ணன் தன் சொந்தக் காசில் பல்ப் வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறார். அவரை மெச்சுகிறோம், ஆனால் இனிமேல் போடவேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம். லயத்துக்கு லயம் காசு சேர்த்து வாங்கிவிடலாம் என்று இளைஞர்கள் கேட்டதற்கும் வேண்டாம் என்றோம். கம்பெனியின் டிரெக்டருக்குத் தொழிலாளி விளக்கு வாங்கிக் கொடுத்தால் நாளைக்கு டயரும் நாம்தான் வாங்கவேண்டி வரும். தேர்தல் நெருங்கும்போது யாராவது படம் பிடித்துக்கொண்டு விளக்கு அன்பளிப்புச் செய்ய வரவும் கூடும். அதையும் நாங்கள் வாங்கமாட்டோம்.

எங்களுக்குள்ளேயே பெரிய எதிர்ப்பு ஒரு மூத்த தலைவரிடமிருந்து வந்தது. “மாஸ்டர், இருட்டு இருக்கிறதால்தான் ஆறரைக்காவது விடுறாங்க. நீங்க வெளிச்சத்தக் கொடுத்துட்டா எட்டு மணி வரைக்கும் கொழுந்து நிறுப்பாங்க” என்றார். கூட்டம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது. அவர் சொன்னதில் அனுபவம் இருக்கிறது. தோட்டத்துக்கு வந்த எந்த வசதியையும் வேலை கூட்டத்தானே பாவித்தார்கள். அதற்காக இருட்டை நம் பாதுகாப்பாக வைத்துக்கொள்ள முடியுமா? அந்த இருட்டில் விழுகிறது நம் பெண்கள். ஆனால் அவருடைய பயம் கோரிக்கைக் கடிதத்தை மாற்றியது. விளக்கோடு சேர்த்து மேலும் இரண்டு எழுதினோம்: கடைசி நிறுவை ஐந்து மணிக்கு முடியவேண்டும், ஆட்களைக் கொழுந்துச் சாக்கின் மேல் ஏற்றாமல் இருக்கை உள்ள வாகனத்தில் கொண்டுபோக வேண்டும். இரண்டாவது உடனே கிடைக்காது என்று தெரியும். எழுதாமல் விட்டால் எப்போதும் கிடைக்காது.

இந்த டிரெக்டர் கொழுந்து மட்டும் ஏற்றுவதில்லை. 1990 அம்புலன்ஸ் மேல் கணக்குப் பாதையில் ஏறமாட்டாது. இராத்திரியில் வயிற்று வலி வந்த பிள்ளைத்தாய்ச்சியை றோட்டு வரைக்கும் கொண்டுபோவது அதே டிரெயிலர்தான், மெத்தை விரித்து, நாலு பேர் பிடித்துக்கொண்டு. டித்வா சூறாவளிக்குப் பிறகு பாதையின் ஓரம் பல இடத்தில் அரிந்துபோய்க் கிடக்கிறது. எங்கே மண், எங்கே பள்ளம் என்று தெரியாமல் டிரைவர் அண்ணன் இறங்கி நடந்து பார்த்துவிட்டு வந்து ஓட்டுகிறார். பிரசவ வலி அவருக்காகக் காத்திருக்காது.

கடிதம் கொடுத்தாயிற்று. முதல் பேச்சில், பின்விளக்கும் ரிப்ளெக்டரும் போட வாய் வார்த்தையாக ஒத்துக்கொண்டார்கள். முன்விளக்குக்குக் கம்பெனி ஆபீஸில் கேட்கவேண்டுமாம். எழுத்தில் இன்னும் ஒன்றும் வரவில்லை. மற்றத் தோட்டத் தலைவர்மாரிடம் நாங்கள் கேட்பது: அடுத்த மாவட்டக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் டிரெக்டரைப் பற்றி ஒரு துண்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். எத்தனை விளக்கு எரிகிறது, டைனமோவா ஒல்டனேற்றரா, டிரெயிலருக்குப் பின்னால் என்ன இருக்கிறது, கடைசி நிறுவை எத்தனை மணிக்கு முடிகிறது, அதில் எத்தனை பேர் ஏறி வருகிறார்கள். டிரைவரிடம் கேட்டு எழுதுங்கள். ஆபீஸில் கேட்டால் எல்லாம் எரிகிறது என்றுதான் சொல்வார்கள்.