விளக்கும் மரக்காலும்

ஆங்கில மரபுத்தொடர்களை உரைநூலிலிருந்து பட்டியலாக மனப்பாடம் செய்வது வீண் உழைப்பு என்பேன். 'கிக் த பக்கெட்' என்றால் இறந்துபோதல் என்று மட்டும் படித்த மாணவி, அதை அனுதாபக் கடிதத்தில் எழுதிவிட்டால் என்ன ஆகும்? நம் 'மண்டையைப் போட்டார்' போன்றதல்லவா அது!

தோழியரே, தொடரின் பிறப்பிடத்தைத் தேடுங்கள். 'ஹைட் யுவர் லைட் அண்டர் எ புஷல்' மத்தேயு நற்செய்தி 5-ஆம் அதிகாரத்திலிருந்து வந்தது. புஷல் என்பது தானியம் அளக்கும் கலம். 1526-இல் டிண்டேல் வெளியிட்ட ஆங்கிலப் புதிய ஏற்பாட்டிலேயே அச்சொல் உண்டு. தமிழ் விவிலியத்தில் அது மரக்கால். நாமோ 'குடத்திலிட்ட விளக்கு' என்கிறோம். அதற்கு எதிரானது 'குன்றின்மேல் இட்ட விளக்கு'. கார்த்திகையன்று மலையுச்சித் தீபத்தைப் பல மைல் தொலைவிலிருந்தும் காணும் திருவண்ணாமலைப் பெண்களுக்கு இதற்கு உரைநூலும் வேண்டுமா?

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. ஆங்கிலத் தொடர், அடக்கத்தால் தன் திறமையைத் தானே மறைப்பவரைச் சுட்டும். குடத்து விளக்கோ, பிறர் அறியாமலே கிடக்கும் திறமையையும் சுட்டும். அவள் தானே மறைத்தாளா, யாரேனும் மூடிவைத்தார்களா என்பதை வாக்கியத்தைப் பார்த்துத்தான் அறியலாம். ஆகவே கதைநூலில் ஒரு தொடரைக் கண்டால், அது வந்த முழு வாக்கியத்தையும் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். வாரத்துக்கு ஐந்து போதும்.