நாற்பத்திரண்டு மாத ஆயுள்

ஓய்வு பெற்ற நாளிலிருந்து மொட்டைமாடியில் மழை அளந்து நோட்டில் குறித்து வருகிறேன் என்று முன்பே எழுதியிருக்கிறேன். அதை ஆண்டுவாரியாகப் படம் போட்டுக் காட்ட, என் பேரன் பைத்தான் மொழியில் சின்ன நிரல் ஒன்று எழுதித் தந்திருந்தான். போன மாதம் கம்ப்யூட்டரைப் புதுப்பித்தோம், நிரல் படுத்துவிட்டது. போனில் கேட்டால், "அது நம்பியிருக்கிற ஒரு லைப்ரரியில பழைய பேரை எடுத்துட்டாங்க தாத்தா. மாத்தி எழுதணும்" என்கிறான்.

லைப்ரரி என்றால் இங்கே புத்தகசாலை இல்லை. யாரோ எழுதி வைத்த நிரல்களின் தொகுப்பு. மற்றவர்கள் அதன்மேல் வீடு கட்டுகிறார்கள். அதன் பதிப்புக்கு மூன்று எண்கள் உண்டு. முதல் எண் மாறினால்தான் பழையது உடையலாம், நடு எண் மாறினால் புதியது சேரலாமே தவிர எதுவும் உடையக் கூடாது என்பது பலர் ஒப்புக்கொண்ட வழக்கம். எனக்கு உடைந்தது நடு எண்ணில்!

பெரிய லைப்ரரிகளின் கதையையும் கேளுங்கள். நம்பை என்ற கணக்கு லைப்ரரிக்காரர்கள் 2019-இல் ஒரு கொள்கை வரைந்தார்கள். ஒரு பைத்தான் பதிப்பு வெளிவந்து 42 மாதமானால் புதிய வெளியீடுகளில் அதை விட்டுவிடலாம் என்பது அதன் சாரம். எழுதி வைத்தார்களே, அதற்கு ஒரு கும்பிடு. ஆனால் பைத்தானைச் செய்பவர்களே ஒவ்வொரு பதிப்பையும் ஐந்து வருடம் பராமரிக்கிறார்கள். பெற்றவர்கள் 60 மாதம் என்கிறபோது, பக்கத்து வீட்டுக்காரர் 42 மாதத்தில் கருமாதி வைக்கலாமா?

சம்பளமில்லாமல் உழைக்கிறோம், எத்தனை பதிப்புகளைச் சோதிப்பது என்பார்கள். நியாயந்தான். பழைய லைப்ரரியையே வைத்துக்கொள் என்பார்கள். அது புதிய பைத்தானோடு ஒட்டாது. ஓட்டை கண்டுபிடித்தாலும் அடைக்க ஆளில்லை.

நான் பிரெஞ்சில் படித்தவன். 1804-இன் கோத் சிவிலில் இரண்டாவது பிரிவே, சட்டம் வருங்காலத்துக்குத்தான், பின்னோக்கிப் பாயாது என்பது. 1963-இல் இந்து திருமணச் சட்டத்தைப் புதுவைக்குக் கொண்டுவந்தபோதும் ரெனோன்சான்களுக்கு அது பொருந்தாது என்று ஒரு வரி சேர்த்தார்கள். என் சர்வீஸில், பழைய உத்தரவின்படி நடந்தவை செல்லும் என்ற வரி விட்டுப்போன ஒரு நகலை மேலதிகாரி முகத்தில் எறியாத குறையாகத் திருப்பி அனுப்பினார். இந்தப் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு மேலதிகாரி இல்லை.

உடைப்பதென்றால் முதல் எண்ணை மாற்றிவிட்டு உடையுங்கள். பைத்தான் கைவிடும்வரை நீங்களும் கைவிடாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்து சரிசெய்கிறேன் என்றிருக்கிறான் பேரன். ஐப்பசி மழைக்கு முன்னால் வந்தால் சரி.