பசளையின் பின்னே நிற்கும் மலை

வயலுக்குப் பசளை இடுகிறோம், கதிர் முற்றுகிறது, களம் நிறைகிறது. அப்பசளை பிறந்த இடத்தில் எஞ்சியது யாது என்று கேட்போர் நம்மிடையே மிகச் சிலரே. விளைச்சலைப் பற்றிப் பேசும்பொழுது அவ்வினாவையும் உடன் எழுப்புதல் கடமை என்று நான் கருதுகிறேன்.

பொஸ்பேற்றுக் கல் நீரில் எளிதிற் கரைவதன்று. ஆகையால் அதனைப் பொடியாக்கிக் கந்தக அமிலத்துடன் வினைபுரியச் செய்கின்றனர். ஒருபுறம் பொஸ்போரிக் அமிலம் கிடைக்கிறது. செறிந்த பசளைகள் அதிலிருந்து ஆக்கப்படுவன. மறுபுறம் எஞ்சுவது கல்சியம் சல்பேற்று. அக்கழிவுக்குப் பொஸ்போஜிப்சம் என்று பெயர். அமிலத்தை அதிலடங்கிய பொசுபரசு ஐந்தொட்சைட்டின் நிறையாற் கணக்கிட்டால், தொன் ஒன்றுக்கு ஏறத்தாழ 5 தொன் கழிவு சேர்கிறது. எது உற்பத்தி, எது கழிவு என்று ஐயுறத்தக்க விகிதம் இது!

தூய ஜிப்சம் சீமந்துக்கும் சுவர்ப் பலகைக்கும் உதவுவது. இக்கழிவோ தாய்க்கல்லின் குணங்களையும் உடன் கொண்டுவருகிறது. எஞ்சிய அமிலம், புளோரைட்டு, கட்மியம், ஆசனிக் ஆகியன கல்லுக்குக் கல் அளவு வேறுபட்டு இதிற் கலந்திருக்கின்றன. படிவுப் பாறைப் பொஸ்பேற்றில் இயற்கையாகவே யுரேனியமும் றேடியமும் உண்டு. யுரேனியத்தின் பெரும்பகுதி அமிலத்தோடு செல்ல, றேடியத்தின் பெரும்பகுதி கழிவோடு தங்கிவிடுகிறது. றேடியம் 226 பாதியாகக் குறைவதற்கு 1,600 ஆண்டுகள் செல்லும். அது சிதையும்போது பிறக்கும் றேடன் வாயு நுரையீரற் புற்றுநோய்க்கு ஏதுவாவது.

ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் இக்கழிவு ஏறத்தாழ 100 கோடி தொன் மலைமலையாகக் குவிந்து நிற்கிறது. அம்மலைகளின் உச்சியில் அமில நீர்க் குளங்கள் உள்ளன. 2016இல் மல்பெரி என்னும் ஊருக்கு அருகே ஒரு குவியலின் அடியில் நிலம் உள்வாங்கி, 21 கோடி 50 இலட்சம் கலன் மாசுநீர் நிலத்தடி நீர்த்தேக்கத்துள் இறங்கியது. அயலவர்க்கு அச்செய்தி எட்டியதோ கிழமைகள் சில கழிந்த பின்னரே! பைனி பொயின்ற் ஆலையின் உரிமையாளர் 2001இல் வங்குரோத்தடைந்தனர். 2021இல் அங்குள்ள குளமொன்றில் கசிவு ஏற்பட, அணை உடைந்துவிடுமென அஞ்சி முந்நூறுக்கு மேற்பட்ட வீடுகளிலிருந்து மக்களை வெளியேற்றினர். குளத்து நீரைத் தம்பா விரிகுடாவினுள் இறைத்தனர். இலாபம் கண்டவர் போயினர், மலை நின்றது, அதன் காவல் பொதுமக்களின் வரிப்பணத்தின் மேல் விழுந்தது.

இஃது அயலார் கதை மாத்திரமன்று. நமது எப்பாவலவில் 1971இல் அப்பற்றைற்றுப் படிவு கண்டறியப்பட்டது. பன்னாட்டு நிறுவனமொன்றுடன் கூட்டாக அதனை அகழ்ந்து, திருகோணமலையில் அமில ஆலை நிறுவ 1990களில் திட்டம் வகுக்கப்பட்டது. எப்பாவல மக்கள் வழக்குத் தொடுத்தனர். படிவினை முழுமையாக ஆராய்ந்து, சுற்றாடற் பாதிப்பையும் சட்டப்படி மதிப்பிடும்வரை உடன்படிக்கை செய்தலாகாது என்று உயர் நீதிமன்றம் 2000இல் தீர்ப்பளித்தது. எப்பாவலக் கல் தீப்பாறை வழிவந்தது. அதன் கதிர்வீச்சைப் புளோரிடாவின் அளவுகோலால் அளத்தல் தகாது. எனினும் அமில முறையைக் கைக்கொண்டால், ஜிப்சக் குவியல் எங்கே நிற்கும் என்ற வினா எக்கல்லுக்கும் பொருந்தும்.

பசளையே வேண்டாமென்று கூற நான் வரவில்லை. இரசாயனப் பசளை இறக்குமதியை 2021இல் திடீரென நிறுத்தியபோது நமது உழவர் பட்ட பாட்டை நாம் கண்டோம். நான் கேட்பது இவ்வளவே: மூடையின் விலையைக் கூறுவோர் மலையின் விலையையும் சேர்த்துக் கூறட்டும். அதனை எங்கே வைப்பது, எத்தனை தலைமுறை காப்பது, ஆலை மூடிய பின் அச்செலவு யாரைச் சாரும் என்பனவற்றுக்கு முதற் கல்லை அகழுமுன் விடை வேண்டும். எப்பாவல உழவர் அவ்வினாவைக் காலத்தே கேட்டனர். பைனி பொயின்ற் மக்கள் அதனைக் கேட்டபோது குளம் கசியத் தொடங்கியிருந்தது.