பழைய பைக்: செலவு செய்வதா, மாற்றுவதா?

பத்து வருட வண்டி. காலையில் நாலு கிக் அடித்தால்தான் உயிர் வருகிறது. மெக்கானிக்கிடம் கொண்டுபோனால், ‘இன்ஜின் வேலை இருக்கு சார், 12,000 ஆகும்’ என்கிறார். வீட்டில் சொன்னால், ‘அந்தக் காசைப் புது வண்டிக்கு முன்பணமா கட்டிடலாமே’ என்கிறார்கள். பண்டிகை நெருங்கினால் போதும், எக்ஸ்சேஞ்ச் மேளா நோட்டீஸ்களும் வாசலுக்கு வந்துவிடும்.

பைக்கை எப்போது மாற்றுவது என்ற கேள்வியில் பல குடும்பங்கள் இரண்டு தவறுகளைச் செய்கின்றன. மாற்றத் தேவையே இல்லாத காரணத்துக்கு அவசரப்பட்டு மாற்றுகிறார்கள். மாற்றியே ஆகவேண்டிய காரணம் வரும்போது, ‘இன்னும் ஒரு வருஷம் ஓடட்டும்’ என்று தள்ளிப்போடுகிறார்கள்.

மைலேஜ் குறைந்தால் மாற்ற வேண்டுமா?

‘லிட்டருக்கு 60 கொடுத்த வண்டி, இப்போ 45 தான் கொடுக்குது’ என்பதுதான் அதிகம் சொல்லப்படும் காரணம். கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு 60 மைலேஜில் சுமார் 16.7 லிட்டர் பெட்ரோல் தேவை. 45 மைலேஜில் சுமார் 22.2 லிட்டர். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மாதம் கூடுதல் செலவு 550 ரூபாய் சொச்சம்.

புது வண்டிக்கு 80,000 ரூபாய் கடன் வாங்கி, 12 சதவிகித வட்டியில் மூன்று வருடம் கட்டினால் மாதத் தவணை சுமார் 2,650 ரூபாய். வட்டியாக மட்டும் 15,000 ரூபாய்க்கு மேல் போகும். மாதம் 550 ரூபாயை மிச்சம்பிடிக்க 2,650 ரூபாய் கட்டுவது எந்த ஊர்க் கணக்கு?

மைலேஜ் குறைவதற்குப் பல நேரங்களில் காரணம் சின்னதாக இருக்கும். டயரில் காற்று குறைவு, அடைத்துக்கொண்ட ஏர் ஃபில்டர், தேய்ந்த ஸ்பார்க் பிளக், சக்கரத்தை விடாமல் உரசும் பிரேக், அளவுக்கு மேல் இறுக்கிய செயின். எல்லாமே ஒரு சர்வீஸில் சரியாகிவிடும். பெட்ரோலில் எத்தனால் சேர்ப்பதாலும் மைலேஜ் கொஞ்சம் குறையும். இதற்காக வண்டியை மாற்றத் தேவையில்லை. ஆனால், 20 சதவிகித எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏற்ற பாகங்கள் 2023 ஏப்ரல் முதல் தயாரான வண்டிகளில்தான் வந்தன. அதற்கு முந்தைய வண்டி என்றால், பெட்ரோல் டியூப் வெடித்திருக்கிறதா, எங்காவது பெட்ரோல் வாசம் வருகிறதா என்று சர்வீஸின்போது பார்த்துக்கொள்வது நல்லது.

12,000 ரூபாய் வேலை... செய்யலாமா?

முதலில், அது என்ன வேலை என்று கேட்க வேண்டும். செயின் ஸ்பிராக்கெட், டயர், பேட்டரி, கிளட்ச் பிளேட், பிரேக் ஷூ எல்லாம் தேய்வதற்கென்றே இருக்கும் பாகங்கள். எந்த வண்டி வாங்கினாலும் இந்தச் செலவு வரும். இவற்றைக் காட்டி வண்டியை மாற்றினால், சில வருடங்களில் புது வண்டிக்கும் அதே செலவு வந்து நிற்கும்.

இன்ஜின் வேலை கொஞ்சம் பெரிது. வண்டி சூடான பிறகும் சைலன்ஸரில் வெள்ளைப்புகை விடாமல் வருகிறது, ஆயில் அடிக்கடி குறைகிறது என்றால், பிஸ்டன் ரிங் அல்லது போர் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். இதைச் சரிசெய்ய 12,000 ஆகிறது, அதன் பிறகு வண்டி இரண்டு வருடம் நன்றாக ஓடும் என்றால், மாதத்துக்கு 500 ரூபாய்தான் ஆகிறது. தவணையோடு ஒப்பிட்டால் இதுவே லாபம். இரண்டு மெக்கானிக்குகளிடம் கேட்டு, என்னென்ன பாகம் மாற்றுகிறார்கள் என்று எழுதி வாங்கிக்கொண்டு செய்யலாம்.

எப்போது மாற்றியே ஆகவேண்டும்?

செலவுக் கணக்கை மூடிவைக்க வேண்டிய இடங்களும் உண்டு.

• சேஸிஸில் அடி: விபத்துக்குப் பிறகு வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது, ஃபோர்க்கையும் சக்கரத்தையும் சரிசெய்தும் நேராக ஓடவில்லை என்றால் சேஸிஸ் வளைந்திருக்கலாம். சேஸிஸில் விரிசல் விட்டு வெல்டிங் வைத்த வண்டியை நம்பி நெடுஞ்சாலையில் போகக் கூடாது.

• சொல்லாமல் நிற்பது: ஓடும்போதே இன்ஜின் அணைவது, லைட் அணைந்து எரிவது, கியர் நழுவுவது. இரண்டு மூன்று முறை வேலை பார்த்தும் காரணம் பிடிபடவில்லை என்றால், லாரிக்கு முன்னால் ஒருநாள் நின்றுபோகும் வரை காத்திருக்க வேண்டாம்.

• உதிரிபாகம் கிடைக்காதது: தயாரிப்பு நின்றுபோன மாடலுக்கு டூப்ளிகேட் பாகங்கள் மட்டுமே கிடைக்கின்றன, அதுவும் பிரேக் சம்பந்தப்பட்டவை என்றால் ஆபத்து.

• பிரேக் போதாதது: 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி-க்கு மேற்பட்ட பைக்குகளில் ஏ.பி.எஸ் கட்டாயம். திடீரென பிரேக் பிடித்தாலும் சக்கரம் லாக் ஆகாமல் பார்த்துக்கொள்ளும். 125 சி.சி வரையிலான வண்டிகளில், ஒரு பிரேக்கைப் பிடித்தாலே இரண்டு சக்கரமும் பிடிக்கும் சி.பி.எஸ்ஸாவது இருக்க வேண்டும். பக்கத்துத் தெரு வரை போகிறவருக்குப் பழைய டிரம் பிரேக் போதும். தினமும் பைபாஸில் மழையிலும் இருட்டிலும் போகிறவருக்குப் போதாது.

வீடு மாறிவிட்டதா?

சில நேரங்களில் வண்டி நன்றாகவே இருக்கும். வீட்டின் தேவைதான் மாறியிருக்கும். அப்பாவுக்கு முட்டிவலி, கிக் அடிக்க முடியவில்லை. அம்மா ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்டுவிட்டார். வேலை மாறி, 8 கிலோமீட்டர் பயணம் 40 ஆகிவிட்டது. இவையெல்லாம் மாற்றுவதற்கு நியாயமான காரணங்கள். எல்லோரும் ஓட்டுகிற மாதிரி ஒரு ஸ்கூட்டரோ, வீட்டில் சார்ஜ் போட வசதி இருந்தால் மின்சார வண்டியோ பொருத்தமாக இருக்கும்.

‘குழந்தைகள் வளர்ந்துட்டாங்க, நாலு பேர் போக இடம் பத்தலை, பெரிய பைக்கா எடுக்கலாம்’ என்பது மட்டும் காரணம் ஆகாது. எத்தனை சி.சி ஆனாலும் ஓட்டுபவருக்குப் பின்னால் ஒருவர்தான் உட்கார சட்டம் அனுமதிக்கிறது. நாலு பேர் சேர்ந்து போக பஸ், ஆட்டோ இருக்கின்றன.

15 வருடம் ஆகிவிட்டால்?

15 வருடம் ஆன பைக்கைக் காயலான் கடைக்குத்தான் போட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஆர்.டி.ஓ அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, ஆர்.சி-யை ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்கலாம். பைக்குகளுக்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 300 ரூபாயிலிருந்து 1,000 ஆனது. 20 வருடம் தாண்டிய பைக்குகளுக்கு 2025 ஆகஸ்டில் 2,000 ஆக உயர்ந்தது. இதோடு பசுமை வரியும் உண்டு. புதுப்பிக்காமல் ஓட்டினால் அபராதம் மட்டுமல்ல, விபத்து நேரத்தில் இன்ஷூரன்ஸ் கேட்கும்போதும் சிக்கல் வரும்.

விற்கும்போது கவனம்

மாற்றுவது என்று முடிவெடுத்தவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. 350 சி.சி வரையிலான பைக்குகளுக்கான ஜி.எஸ்.டி, 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது.

பழைய வண்டியைக் கைமாற்றும்போதுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். 29, 30 படிவங்களில் வெறுமனே கையெழுத்துப் போட்டு, புரோக்கரிடம் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால், ஆர்.சி-யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இழப்பீடும் அவர் தலையில்தான் விழும். படிவத்தில் வாங்குபவர் பெயர், முகவரி, தேதி, நேரம் எல்லாம் நிரப்பி நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். பெயர் மாறிவிட்டதா என்று பரிவாஹன் தளத்தில் பார்த்து உறுதிசெய்துகொள்ள வேண்டும். கிளெய்ம் கேட்காமலே இன்ஷூரன்ஸ் கட்டி வந்தவர்கள், நோ கிளெய்ம் போனஸ் சான்றிதழ் வாங்கினால் புது வண்டியின் பிரீமியத்தில் கழித்துக்கொள்ளலாம்.

பழையது யாருக்கு?

நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. அப்பா புது வண்டி எடுப்பார்; பழையது, அப்போதுதான் லைசென்ஸ் வாங்கிய மகனுக்கோ மகளுக்கோ போகும். ‘கத்துக்கிற வரைக்கும் இது போதும்’ என்பார்கள். வீட்டிலேயே அனுபவம் குறைந்தவர் கையில், வீட்டிலேயே பிரேக் குறைந்த வண்டி! கொடுப்பதாக இருந்தால் டயர், பிரேக், ஹெட்லைட் மூன்றையும் புதிதாக்கிவிட்டுக் கொடுக்க வேண்டும்.

மாற்றுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கவும் இதுவே நல்ல சோதனை. மழை பெய்யும் ராத்திரியில் இந்த வண்டியில் பைபாஸ் வழியாக வீட்டுக்கு வரும்படி மகளிடம் சொல்ல மனம் வருகிறதா? வருகிறது என்றால், இன்னும் இரண்டு வருடம் தாராளமாக ஓட்டலாம். வரவில்லை என்றால், அப்பாவும் அந்த வண்டியில் போக வேண்டாம்.