ஊர்த் தண்ணீரைக் குடிக்கும் கம்ப்யூட்டர்கள்!

கம்ப்யூட்டருக்குத் தாகம் எடுக்குமா? எடுக்கும் என்கிறது அமெரிக்காவில் உள்ள ஒரு சிறிய ஊரின் கதை.

ஓரிகன் மாகாணத்தில், கொலம்பியா ஆற்றங்கரையில் இருக்கும் ஊர் தி டால்ஸ். அங்கே கூகுள் கம்பெனியின் பெரிய கம்ப்யூட்டர் நிலையங்கள் உள்ளன. நாம் செல்போனில் பார்க்கும் படங்களும் செய்திகளும் தங்கியிருப்பது இத்தகைய நிலையங்களில்தான்.

இந்த நிலையங்களுக்கு எவ்வளவு தண்ணீர் போகிறது என்று 2021-ம் ஆண்டில் 'ஓரிகோனியன்' பத்திரிகை கேட்டது. அது வியாபார ரகசியம் என்று நகரசபை மறுத்தது. கேட்ட பத்திரிகை மீதே வழக்கும் போட்டது! ஓராண்டுக்கு மேல் இழுபறி. 2022 டிசம்பரில் சமரசம் ஏற்பட்டு, கணக்கு வெளியே வந்தது. 2021-ல் மட்டும் சுமார் 134 கோடி லிட்டர். ஊர் முழுவதும் செலவான தண்ணீரில் இது நாலில் ஒரு பங்குக்கும் மேல்!

இவ்வளவு தண்ணீர் எதற்கு?

நம் வீட்டு மண்பானையைப் பாருங்கள். பானையின் வெளிப்புறத்தில் கசியும் நீர் ஆவியாகிறது. அப்போது உள்ளே இருக்கும் தண்ணீரின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. அதனால்தான் பானைத் தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது. கம்ப்யூட்டர் நிலையத்திலும் இதே வித்தைதான். கம்ப்யூட்டர் சாப்பிடும் மின்சாரம் அத்தனையும் கடைசியில் சூடாக மாறுகிறது. ஒரு யூனிட் மின்சாரத்தின் சூட்டைப் போக்க ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஆவியாக வேண்டும்.

தண்ணீரைக் குழாய்க்குள்ளேயே சுற்றவிட்டு, யந்திரத்தால் குளிர வைத்தால் என்ன? செய்யலாம். குளிர்விப்பதற்காகத் தண்ணீரை ஆவியாக்காத நிலைய அமைப்பை மைக்ரோசாப்ட் கம்பெனி 2024-ல் அறிவித்தது. ஆனால் இந்த முறையில் மின்சாரச் செலவு கூடும். அனல் மின்நிலையமும் தண்ணீர் குடிப்பதுதானே!

இன்னொரு வழி விசித்திரமானது. மின்சாரம் பாயாத ஒரு திரவத்தில் கம்ப்யூட்டரையே முக்கி வைப்பது! திரவம் 50 டிகிரியில் கொதிக்கும். ஆவி மேலே போய், குளிர்ந்த குழாயில் பட்டு, மழைபோல் தொட்டியிலேயே விழும். 2021-ல் குவின்சி என்ற ஊரில் மைக்ரோசாப்ட் இதைச் சோதித்தது.

இங்கே கணக்கு தவறினால் ஆபத்து. நன்றாகக் காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால், துளிகள் முத்துப்போல் உருண்டு ஓடும். துளிக்கு அடியில் ஆவி மெத்தைபோல் நின்று சூட்டைத் தடுப்பதே காரணம். கம்ப்யூட்டர் சிப் அளவுக்கு மீறிச் சுட்டால், அதே ஆவி அதைப் போர்த்திவிடும். சூடு வெளியேற வழியின்றி சிப் கருகும். கொதிக்கும் நீரில் இந்த எல்லை இருப்பதை 1934-ல் அளந்து காட்டியவர் ஜப்பானிய விஞ்ஞானி நுகியாமா. எந்த அளவு வரை பத்திரம் என்று முன்கூட்டியே கணக்குப் போடுவது எஞ்சினீயர்களின் வேலை.

திரவத்திலும் ஒரு வில்லங்கம் உண்டு. மண்ணிலும் நீரிலும் எளிதில் அழியாத ரசாயன வகையைச் சேர்ந்தது அது. அந்த வகை ரசாயனங்களின் தயாரிப்பை 2025 முடிவுக்குள் நிறுத்துவதாக 3எம் கம்பெனி 2022-ல் அறிவித்துவிட்டது.

சென்னையிலும் இத்தகைய நிலையங்கள் எழுந்துள்ளன. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த நகரம் இது. எந்த நிலையம் எந்த முறையில் குளிர்விக்கிறது, ஆண்டுக்கு எத்தனை லிட்டர் செலவாகிறது என்பதை அனுமதி கொடுக்கும்போதே கேட்டு, மக்கள் பார்க்கும்படி பலகையில் எழுதி வைக்கலாம். கோர்ட்டுக்குப் போய்த்தான் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை.